கடல் வற்றக் காத்திருக்கும் கொக்கு

விழாத் தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, தொண்டியிலிருந்து வெயிலில் வந்திருக்கும் ஜமாஅத் பெரியவர்களே, பங்குத்தந்தை அவர்களே, பந்தல் போட்டுக் கொடுத்த மீனவர் சங்கத்தாரே, (யார் பெயராவது விட்டுப்போனால் பொறுத்துக்கொள்ளுங்கள், போன வருஷம் ஒருவர் என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டார்) தாய்மார்களே, வணக்கம்.

'மறைநூலும் மன அமைதியும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஓதுவது, உணர்வது, சும்மா இருப்பது என்று மூன்று செய்தி சொல்லப்போகிறேன்.

'கடல் வற்றினால் கருவாடு தின்னலாம் என்று உடல் வற்றிச் செத்ததாம் கொக்கு.' மகள் கல்யாணம் முடியட்டும், படகுக் கடன் அடையட்டும், அப்புறம் நிம்மதியாக இருக்கலாம் என்கிறோம். கடல் என்றைக்கு வற்றியது?

எனக்குத் தெரிந்த சம்மாட்டி ஒருவர், படகுச் சொந்தக்காரர். உத்தரகோசமங்கையில் மார்கழித் திருவாதிரைக்கு மரகத நடராசருக்குச் சந்தனம் களைகிறார்கள் என்றால் முதல் வரிசையில் நிற்பார். விடியற்காலையில் திருவாசகத்துச் சிவபுராணம், அதுவும் தெருவே எழுந்திருக்கிற குரலில். ஆறு மணிக்குப் படகு கரைக்கு வந்து, இறால் எடை போட்டுப் பங்கு பிரிக்கும்போது அதே குரலில் பையன்களைத் திட்டுவார். பக்கத்தில் நிற்க முடியாது. ஒருநாள் அவர் 'புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி' என்று பாடிக்கொண்டிருந்தபோது பேத்தி வந்து உட்கார்ந்தாள்.

"தாத்தா, இதெல்லாம் ஒரே நாளில் நடக்குமா?"

"இல்லம்மா, எத்தனையோ பிறவி."

"நீங்க ஒரே நாள்ல ஆயிடுறீங்களே! படகு வந்தா மிருகம். வட்டிக்காரர் வந்தா புழு. அப்பத்தா ஏதாச்சும் கேட்டா மரம்!"

சிரிக்கிறீர்கள், அன்றைக்கு அவர் வீட்டிலும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. 'எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன்' என்ற இடத்துக்கு வந்ததும் குரல் எழும்பவில்லையாம். யுகக் கணக்கை அந்தப் பிள்ளை ஒரு பகலுக்குள் கொண்டுவந்துவிட்டது. நூலைத் தனக்குள் வைத்துப் படிப்பது என்று ஞானிகள் சொன்னது இதைத்தான். பங்குக் கணக்கு இப்போது மெதுவாக நடக்கிறது. முழுக்க மாறிவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன்.

நம் சீமையில் இப்படி உள்ளே தேடியவர்களுக்குப் பஞ்சமில்லை. திருச்சியில் அரண்மனை உத்தியோகத்தை விட்ட தாயுமானவர் அடங்கியது இராமநாதபுரத்தில். அவர் பாடியதும் 'பராபரமே' என்று முடியும் பராபரக்கண்ணி. தொண்டிக்குப் பக்கத்துக் குணங்குடியில் பிறந்த மஸ்தான் சாகிபு பாடியதும் பராபரக்கண்ணி. சமயம் வேறு, தேடல் ஒன்று. 'சும்மா இரு' என்பதுதான் தாயுமானவருக்கு மௌனகுரு சொன்ன உபதேசம். ஆனால் அந்தச் சும்மா, திண்ணையில் காலாட்டிக்கொண்டிருக்கும் சும்மா இல்லை. 'எல்லோரும் இன்புற் றிருக்க நினைப்பதுவே அல்லாமல் வேறொன் றறியேன்' என்றவரும் அவரேதான்.

எல்லோரும் என்றால் யார்? குடத்தைத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டு இரண்டு தெரு தாண்டிப் போகிற நம் பெண்கள். கீழத்தெரு ஊருணியில் சீமைக்கருவேலம் மண்டி, வரத்துக்கால் தூர்ந்து கிடக்கிறது. கரை தாண்டினால் உப்புத்தண்ணீர், இந்த ஊரில் மழைநீரை விட்டால் வேறு கதி ஏது? ஊருணி கெட்டுக் கிடக்க உள்ளே அமைதி தேடுகிறவரை நான் நம்பமாட்டேன். அரசு வந்து வெட்டட்டும் என்று காத்திருந்தால், தெரியுமல்லவா, கொக்கு!

மூன்றாவது செய்தியை விரித்துச் சொல்ல நேரமில்லை என்று தலைவர் மணி அடிக்கிறார். சரி. ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஊருணிக் கரை. அரிவாள், மண்வெட்டி இருப்பவர்கள் கொண்டுவாருங்கள். தூரோடு தோண்ட வேண்டும், வெட்டிவிட்டால் மட்டும் திரும்பத் தழைத்துவிடும். கலெக்டருக்குக் கொடுக்கும் மனுவும் நோட்டும் மைக்செட்காரரிடம் இருக்கின்றன. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பந்திக்குப் போங்கள்.