ரோட்டோரத்தில் பேசி முடிக்காதீர்கள்

திருச்சி வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் தஞ்சாவூரில் விபத்து வழக்குகள் நடத்திவரும் வழக்கறிஞர். கார் மோதி அடிபட்ட சைக்கிள்காரர் எப்படி இழப்பீடு பெறுவது என்பதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள்.

இன்றைக்கு சைக்கிளில் போகிறவர்கள் யார்? விடியற்காலையில் பால் ஊற்றப் போகிறவர், மண்வெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு வயலுக்குப் போகிறவர், கொத்தனார், இரவுக் காவலர், அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். மருத்துவமனையில் பத்து நாள் படுத்தால் வீட்டில் அடுப்பு எரியாது என்ற நிலையில் இருப்பவர்கள்தான் இவர்களில் பெரும்பாலோர். சட்டத்தில் தங்களுக்கு என்ன இருக்கிறது என்பது தெரியாமல் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய்விடுகிறவர்களும் இவர்களே.

விபத்து நடந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்திருப்பீர்கள். அடிபட்டவரைத் தூக்கி உட்கார வைத்துச் சோடா வாங்கிக் கொடுப்பார்கள். அதற்குள் யாராவது ஒரு பெரியவர் பேச்சைத் தொடங்கிவிடுவார். "பெருசா ஒண்ணும் இல்ல, நம்ம ஊர்க்காரர்தான். ஐயாயிரம் வாங்கிக்கங்க. ஸ்டேஷன், கோர்ட்டுன்னு எதுக்கு அலையணும்?" பெரியவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் முழங்கால் சவ்வு கிழிந்திருப்பதோ, தலைக்குள் ரத்தம் கசிவதோ அந்த நேரத்தில் வெளியே தெரியாது. மறுநாள் வீங்கும், அல்லது மூன்றாம் நாள் வாந்தி வரும். அதற்குள் ஐயாயிரம் செலவாகியிருக்கும், காரும் ஒர்க்ஷாப் போய்ப் பளபளவென்று வந்திருக்கும்.

நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: வழக்குப் போட்டால் அந்தக் கார்க்காரர் குடும்பம் நாசமாகிவிடும் என்று தயங்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 146-ஆம் பிரிவுப்படி மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் எந்தக் காரும் சாலைக்கு வரக்கூடாது. நீங்கள்தான் அந்த மூன்றாம் நபர். உங்களுக்கு அடிபட்டால் கொடுப்பதற்காகத்தான் அவர் வருடாவருடம் பிரீமியம் கட்டுகிறார். பணம் வரப்போவது இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து. நீங்கள் கேட்காமல் விட்டால் அந்தப் பணம் கம்பெனியிலேயே தங்கிவிடும், கார்க்காரருக்கும் அதனால் ஒரு லாபமும் இல்லை. ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லை என்பது போன்ற சிக்கல் இருந்தால்கூட, கம்பெனி முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று பல வழக்குகளில் நீதிமன்றங்கள் உத்தரவிட்டிருக்கின்றன.

சரி, அடிபட்டவுடன் என்ன செய்ய வேண்டும்? முதலில் 108-ஐ அழையுங்கள். செலவுக்குப் பயந்து நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போடப் போகாதீர்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை ஒரு வரம்பு வரை இலவசம். எந்த மாநிலத்தவராக இருந்தாலும் தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டிருந்தால் போதும்.

இனி ஒரு சின்ன விஷயம். என் அனுபவத்தில், வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் பல நேரம் இதில்தான் இருக்கிறது. மருத்துவமனையில் சேர்க்கும்போது பணியில் இருக்கும் டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். ஏ.ஆர். காப்பி என்று சொல்வார்களே, அது. "என்ன ஆச்சு?" என்று கேட்பார். அடிபட்டவர் வலியில் முனகிக்கொண்டிருப்பார். கூட வந்தவர், அநேகமாக விபத்தைப் பார்க்காதவர், "சைக்கிள்ல இருந்து விழுந்துட்டாருங்க" என்பார். டாக்டரும் அப்படியே எழுதிவிடுவார். இரண்டு வருடம் கழித்து நீதிமன்றத்தில் இன்சூரன்ஸ் வக்கீல் அந்த ஒரு வரியைக் காட்டி, "கார் மோதவே இல்லை, இவர் தானாக விழுந்தவர்" என்று வாதாடுவார். அதை உடைக்க நாங்கள் படும் பாடு கொஞ்சமல்ல. அதனால், யார் கூடப் போனாலும், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, என்ன வண்டி, எந்தப் பக்கமிருந்து மோதியது என்று தெளிவாகச் சொல்லுங்கள். வண்டி எண் தெரிந்தால் அதையும் சொல்லி எழுதச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் ஊகமாக ஒரு எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். "வெள்ளை நிறக் கார், எண் கவனிக்கவில்லை" என்று உள்ளதைச் சொன்னால் போதும்.

அடுத்து போலீஸ். மருத்துவமனையிலிருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போகும், போலீஸார் வந்து வாக்குமூலம் வாங்குவார்கள். வரவில்லை என்றால் வீட்டார் போய்ப் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். நகலைக் கையோடு வாங்க வேண்டும். அது இலவசம். புகார் கொடுக்கத் தாமதமாகிவிட்டால், ஐ.சி.யூ.வில் இருந்தார், கூட யாரும் இல்லை என்று தாமதத்துக்கான காரணத்தைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள். பக்கத்துக் கடையில் கேமரா இருந்தால், பழைய பதிவு அழிந்துபோவதற்குள் அதை எடுக்கச் சொல்லிப் போலீஸாரிடம் எழுத்தில் கேளுங்கள்.

நொறுங்கிய சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள், பழுதும் பார்க்காதீர்கள். அதுவும் ஒரு சாட்சி. பின்சக்கர ரிம் உள்வாங்கி, மட்கார்டு சீட்டுக்கு அடியில் மடங்கியிருந்தால், வண்டி பின்னாலிருந்து மோதியது என்பதை அதைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது. மட்கார்டில் காரின் பெயின்ட் ஒட்டியிருக்கும். நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள்.

யார் மேல் தப்பு என்ற கேள்வி அடுத்து வரும். சைக்கிளில் லைட் இல்லை, திடீரென்று குறுக்கே திரும்பினார், ஹெல்மெட் போடவில்லை என்றெல்லாம் எதிர்த்தரப்பு சொல்லும். ஹெல்மெட் பேச்சுக்குப் பயப்பட வேண்டாம். சட்டப்படி மிதிவண்டி மோட்டார் வாகனமே அல்ல. அதற்கு லைசென்ஸும் கிடையாது, மோட்டார் வாகனச் சட்டத்தின் ஹெல்மெட் கட்டாயமும் கிடையாது. சைக்கிள்காரர் மேலும் கொஞ்சம் தப்பு இருந்தால், அந்தப் பங்கைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். தவறான திசையில் சைக்கிளில் வந்து பேருந்து மோதி இறந்த மும்பைப் பையன் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் செய்தது. ஒரு பங்கைக் குறைத்ததே தவிர, குடும்பத்தை வெறுங்கையோடு அனுப்பவில்லை. கொலை வழக்கைப் போல எள்ளளவும் சந்தேகமில்லாமல் நிரூபிக்க வேண்டும் என்பதும் இங்கே கிடையாது. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். கிரிமினல் கோர்ட்டில் டிரைவர் விடுதலையாகிவிட்டார் என்பதற்காக மட்டும் உங்கள் இழப்பீடு போய்விடாது.

எவ்வளவு கிடைக்கும் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். நானே ஒரு உதாரணம் சொல்கிறேன். 38 வயதுக் கொத்தனார். மாத வருமானம் 15,000 ரூபாய் என்று இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். சொந்தமாகத் தொழில் செய்கிறவர், வயது 40-க்குக் கீழே, அதனால் எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டலாம். ஆக மாதம் 21,000, வருடத்துக்கு 2,52,000. 36 முதல் 40 வயது வரை பெருக்க வேண்டிய எண் 15. இது 2009-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணை. பெருக்கினால் 37,80,000. கால் எலும்பு கோணலாகக் கூடி, சாரத்தில் ஏற முடியாமல் அவருடைய சம்பாதிக்கும் திறன் 30 சதவீதம் குறைந்தது என்றால் 11,34,000 ரூபாய். இது வருமான இழப்புக்கு மட்டும். மருத்துவச் செலவு, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவருக்கான தொகை, சத்துணவு, போக்குவரத்து, பட்ட வலி, வேதனை, சைக்கிளின் விலை எல்லாம் தனித்தனியாகச் சேரும். இந்தக் கணக்கை அந்த ஐயாயிரத்தோடு வைத்துப் பாருங்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருத்துவக் குழு கொடுக்கும் ஊனச் சதவீதம் வேறு, சம்பாத்தியத்தில் விழும் அடி வேறு. 2010-இல் உச்ச நீதிமன்றம் இதை அழகாக விளக்கியது. இடது கையை இழந்தவர் அரசு அலுவலக எழுத்தர் என்றால் வேலை போகாமல்கூட இருக்கலாம், அவரே ஓட்டுநரோ தச்சரோ என்றால் பிழைப்பே போய்விடும். ஆகவே நீங்கள் என்ன வேலை செய்தீர்கள், அதில் இப்போது எதைச் செய்ய முடியவில்லை என்பதைச் சாட்சியத்தில் விவரமாகச் சொல்லுங்கள். குத்துக்காலிட்டு உட்கார முடியவில்லை என்றால் அதைச் சொல்லுங்கள். அலுவலகத்தில் இருப்பவருக்கு அது சின்ன விஷயமாக இருக்கலாம். நாற்று நடுகிற பெண்ணுக்கு அதுதான் கூலி.

"எனக்குச் சம்பளச் சீட்டே கிடையாதே" என்று கைவிரிக்கிறார்கள். கர்நாடகத்தில் காய்கறி வியாபாரி ஒருவர் 2008-இல் விபத்தில் காலை இழந்தார். கையில் ரசீது, கணக்கு எதுவும் இல்லை. காய்கறி வியாபாரியிடம் வருமானச் சான்று கேட்பது நியாயமில்லை என்ற நோக்கில், மாதம் 6,500 ரூபாய் வருமானம் என்று உச்ச நீதிமன்றமே எடுத்துக்கொண்டது. சம்பாதிக்கும் திறனில் 85 சதவீதம் போய்விட்டது என்றும் கணக்கிட்டது. 2014-இல் வந்த தீர்ப்பு அது. வீட்டில் இருக்கும் பெண்களின் உழைப்புக்கும் வருமானம் கணக்கிட வேண்டும் என்று தீர்ப்புகள் இருக்கின்றன.

தப்பு யார் மேல் என்றே பார்க்காமல் கிடைக்கும் தொகையும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவின்படி இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். ஆனால் கம்பெனி முன்வந்து கொடுக்கும் அந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால், தீர்ப்பாயத்தில் போட்ட பெரிய வழக்கு அதோடு முடிந்துவிடும். கையெழுத்துப் போடுமுன் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

மோதிய கார் நிற்காமலே போய்விட்டதா? கண்டுபிடிக்கவே முடியவில்லையா? அப்போதும் இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. 2022 ஏப்ரல் முதல் இந்தத் தொகை. மனுவைக் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். இந்தத் திட்டம் இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட பொதுநல வழக்கில்தான், திட்டத்தைப் பற்றிப் பாதிக்கப்பட்டவரிடம் போலீஸாரே சொல்ல வேண்டும் என்று 2024 ஜனவரியில் உத்தரவு வந்தது. தினமும் உடைந்த எலும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு டாக்டர் கோர்ட் வரை போயிருக்கிறார். அவரை நன்றியோடு சொல்ல வேண்டும்.

வழக்கை எங்கே போடுவது? விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே போடலாம். சென்னையில் அது சிறு வழக்குகள் நீதிமன்றம், மாவட்டங்களில் மாவட்ட நீதிமன்றமும் சார்பு நீதிமன்றங்களும். இந்த இழப்பீட்டு மனுவைக் கோர்ட்டில் எம்.சி.ஓ.பி. என்று சொல்வார்கள். விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் சட்டத்தில் இருக்கிறது. அந்த வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போயிருக்கிறது, ஆகவே ஆறு மாதம் தாண்டியவர்களும் நம்பிக்கை இழக்காமல் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். இன்றைக்கு அடிபட்டவர்கள் ஆறு மாதம் என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனை வராந்தாவிலேயே புரோக்கர்கள் வந்து நிற்பார்கள். "எல்லாம் நாங்க பாத்துக்குறோம், வர்றதுல இவ்வளவு கொடுத்தாப் போதும்" என்று வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். போடாதீர்கள். இழப்பீட்டில் இத்தனை பங்கு என்று வழக்கறிஞர் பேரம் பேசுவது பார் கவுன்சில் விதிப்படியே கூடாது. நான் இருக்கும் தொழிலில் நடக்கிற காரியம் இது, அதனால் இன்னும் அழுத்தமாகவே சொல்கிறேன். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு கட்டணமில்லாமல் வழக்கறிஞர் தரும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

வழக்கு நடக்கும்போது, இரு தரப்பும் பேசிச் சமரசமாக முடித்துக்கொள்ளும் மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்துக்குக் கூப்பிடுவார்கள். நியாயமான தொகை என்றால் அங்கே முடிப்பது நல்லதுதான், பணம் சீக்கிரம் வரும். ஆனால் அங்கே முடித்ததற்கு அப்பீல் கிடையாது, அதனால் ஒப்புக்கொள்ளும் முன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். உள்ளே வைத்த பிளேட்டைப் பிறகு எடுக்க இன்னொரு ஆபரேஷன் தேவை என்றால், அந்தச் செலவுக்கான டாக்டர் சான்றையும் அப்போதே காட்டிக் கேட்டுவிட வேண்டும். தீர்ப்பாயமே தீர்ப்புச் சொன்னால், 30 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும், மனுப் போட்ட நாளிலிருந்து வட்டியும் கேட்கலாம். தொகை குறைவு என்று நினைத்தால் 90 நாளுக்குள் நீங்களும் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கே நேராக வர வேண்டும். பாஸ்புக்கை வேறு யார் கையிலும் கொடுத்து வைக்காதீர்கள். நன்றி, வணக்கம்.