அளவை விடுங்க, தேதியைச் சொல்லுங்க

வணக்கம் நேயர்களே. காவிரிச் செய்தி என்றால் கனஅடி, டிஎம்சி என்ற இரண்டும் காதில் விழாமல் இருக்காது. அதை முதலில் தீர்த்துவிடுவோம். ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கனஅடி. விநாடிக்குச் சுமார் 11,500 கனஅடி வீதம் ஒரு பகல், ஒரு இரவு முழுக்க ஓடினால்தான் ஒரு டிஎம்சி சேரும். 2023 ஆகஸ்ட் கடைசியில், 15 நாளுக்கு விநாடிக்கு 5,000 கனஅடி திறக்கும்படி கர்நாடகத்துக்குச் சொன்னது காவிரி நீர் மேலாண்மை ஆணையம். காதுக்குப் பெரிய எண்ணாகத்தான் பட்டது. கூட்டிப் பார்த்தால் ஆறரை டிஎம்சி. ஆகஸ்டுக்கு மட்டும், எல்லையில் தண்ணீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் வரவேண்டியது ஏறத்தாழ 46 டிஎம்சி!

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்குக் கர்நாடகம் வருஷத்துக்குத் தரவேண்டியதை 192 டிஎம்சியிலிருந்து 177.25 ஆகக் குறைத்தது. அந்த 177.25 எல்லாருக்கும் மனப்பாடம். அதை மாதவாரியாகப் பிரித்திருக்கிறார்களே, ஜூனுக்கு 9.19, ஜூலைக்கு 31.24 என்று, அதை யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியம். வருஷச் சம்பளம் மொத்தமும் தீபாவளி கழித்துக் கைக்கு வந்தால், ஜூனில் பள்ளிக்கூடத்துக்கு எதைக் கட்டுவீர்கள்?

திருத்துறைப்பூண்டிப் பக்கம், ஆற்றுப் பாசனம் கடைசியாக எட்டும் கடைமடையில், ஒரு பெரியவரிடம் இந்த டிஎம்சி கணக்கையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டார். அப்புறம், "தம்பி, அளவை விடுங்க, தேதியைச் சொல்லுங்க" என்றார். விரல்விட்டு எண்ணிக் காட்டினார். மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தால் கல்லணைக்கு வர மூணு நாலு நாள். அங்கிருந்து கடைமடைக்கு இன்னும் ஒரு வாரமோ பத்து நாளோ. ஜூனில் தொடங்கும் குறுவை நெல் ஏறக்குறைய 110 நாள் பயிர். திறப்பு ஒரு மாதம் தள்ளிப்போனால் கதிர் முற்றும் நேரத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். பயிர் சாய்ந்து, நெல் வயலிலேயே முளைத்துவிடும். "ஆடியில ஆறு நிறைஞ்சு வந்தாலும் என் குறுவைக்கு அது ஆகாது. அடுத்து வர்ற சம்பாவுக்கு வெச்சுக்கலாம்" என்றார். நான் கொண்டுபோன புள்ளிவிவரத்தை மடித்து வைத்துவிட்டேன்.

இதையும் சொல்ல வேண்டும். ஜூனில் கர்நாடகத்தின் கிருஷ்ணராஜ சாகர் அணையும் பெரும்பாலும் காய்ந்துதான் கிடக்கும். காவிரி பிறக்கும் குடகில் தென்மேற்குப் பருவமழை வலுப்பதே ஜூலையில்தான். கர்நாடகத்து மண்டியா விவசாயியும் அதே ஜூனில் நாற்று விட நினைக்கிறார். இரண்டு பக்கமும் தேதிதான் தகராறு, அளவு அதற்கப்புறம். 2003-இல் இரு மாநில விவசாயிகளும் "காவிரிக் குடும்பம்" என்று கூடி, ஒருவர் வயலை ஒருவர் போய்ப் பார்த்தார்கள். வழக்குக் கட்டுகளில் தெரியாதது வரப்பில் நின்றால் தெரியும்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். கேரளத்தின் 30 டிஎம்சி, புதுச்சேரியின் 7, பெங்களூருவின் குடிநீருக்கென்று சேர்த்த 4.75, எல்லாம் விட்டுப்போகிறது. ஒன்றே ஒன்று. மழை பொய்த்த வருஷத்தில் அவரவர் பங்கை விகிதப்படி குறைத்துக்கொள்ளச் சொல்கிறது காவிரி நடுவர் மன்றத்தின் 2007 தீர்ப்பு. எந்த மாதத்தில் எவ்வளவு குறைப்பது என்பதற்கு இரு தரப்பும் ஒப்புக்கொண்ட வாய்ப்பாடு இல்லை. ஆணையம் ஒவ்வொரு தடவையும் கூட்டம் போட்டுத்தான் முடிவெடுக்கிறது. அந்த வாய்ப்பாட்டை மழை நன்றாகப் பெய்த வருஷத்திலேயே எழுதி வைக்க வேண்டும், கோபம் இல்லாத நேரத்தில். எப்படி என்பதற்கு இன்னொரு உரை வேண்டும். வணக்கம்.