முதலில் சேறு, பிறகு போர்க்களம்

அனைவருக்கும் வணக்கம்.

டெக்ஸஸ் பக்கமிருந்து நியூ ஆர்லியன்ஸுக்குக் காரில் போகிற நம்மவர்கள் அநேகமாக எல்லோரும் ஒரே மாதிரிதான் போகிறோம். ஐ-10 நெடுஞ்சாலையில் ஏறுவோம். லாஃபயெட்டைக் கண்ணாடி வழியாகவே பார்த்து முடிப்போம். அச்சாஃபலாயா சதுப்புக்காட்டின் மேலே போட்டிருக்கும் 18 மைல் பாலத்தில், இது எப்போதுதான் முடியும் என்று அலுத்துக்கொள்வோம். பிரெஞ்சு குவார்ட்டரில் இறங்கி நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவோம். அதே வழியில், நுழைவுக் கட்டணம் இல்லாமல், தெற்கு லூசியானாவின் கதை முழுவதையும் சொல்கிற பூங்கா ஒன்று துண்டு துண்டாகக் கிடக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

1978இல் உண்டான பூங்கா அது. பெயர், ழான் லஃபீட் தேசிய வரலாற்றுப் பூங்கா. நியூ ஆர்லியன்ஸ் நகருக்குள் ஒரு மையம், நகரை ஒட்டிக் கிழக்கே ஷால்மெட் போர்க்களம், தெற்கே பாராடேரியா சதுப்பு நிலக் காப்பகம், மேற்கே லாஃபயெட், டிபடோ, யூனிஸ் ஆகிய ஊர்களில், கனடாவிலிருந்து துரத்தப்பட்டு வந்த பிரெஞ்சு உழவர்களான அகேடியர்களின் பண்பாட்டு மையங்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவற்றை ஏதோ ஒரு அலுவலக வசதிக்காகச் சேர்த்துக் கட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும்.

போதாக்குறைக்கு, லஃபீட் ஒரு கடற்கொள்ளையன். அரசாங்கப் பூங்காவுக்கு வேறு பெயரே கிடைக்கவில்லையா என்று கேட்பீர்கள். பாராடேரியாவின் கால்வாய்கள் வழியாகக் கடத்தல் சரக்கு விற்றவன் அவன். அந்தச் சரக்கில் அடிமைகளாகப் பிடிபட்ட மனிதர்களும் இருந்தார்கள். 1814இல், அமெரிக்காவோடு போரிட்டுக்கொண்டிருந்த பிரிட்டிஷ்காரர்கள் அவனை விலை பேசினார்கள். அவன் அந்தச் செய்தியை அமெரிக்கர்களிடம் சொன்னான். அமெரிக்கக் கடற்படையோ அதே செப்டம்பரில் அவன் கோட்டையைத் தரைமட்டமாக்கியது. அப்படியும் அவன் ஆட்கள் அமெரிக்கத் தளபதி ஆண்ட்ரூ ஜாக்சன் படையில் பீரங்கிக்காரர்களாக நின்றார்கள், மன்னிப்பும் வாங்கினார்கள். பிறகு அவன் கூடாரம் போட்டது நம் டெக்ஸஸின் கால்வெஸ்டன் தீவில். அவனைப் பற்றி இவ்வளவு போதும்.

நான் சொல்ல வந்தது பார்க்கும் வரிசையைப் பற்றி. வழக்கமாக முதலில் நகரம், அடுத்து போர்க்களம், நேரம் மிஞ்சினால் மற்றது. இதை அப்படியே திருப்பிப் போடுங்கள். முதலில் பாராடேரியாவுக்குப் போங்கள். அந்தச் சேற்றைப் பார்க்காமல் போர்க்களத்துக்குப் போனால், அது வெறும் புல்வெளியாகத்தான் தெரியும்.

நாமெல்லாம் ஆற்றுக்கு இறங்கிப் போய்ப் பழகியவர்கள். மிஸ்ஸிசிப்பியின் கழிமுகத்தில் ஆற்றுக்கு ஏறிப் போக வேண்டும். ஆறு ஆண்டாண்டு காலமாகக் கரைபுரண்டு, வண்டலைத் தன் கரையோரத்திலேயே கொட்டிக் கொட்டி மேடாக்கியிருக்கிறது. ஆற்றை விட்டு விலக விலகத் தரை தாழ்ந்துகொண்டே போகும். பாராடேரியாவில் பாயூ கோக்கீ என்ற நடைபாதை இருக்கிறது. பழைய ஓடை ஒன்றின் மேட்டில் ஓக் மரத்தடியில் தொடங்குவீர்கள். கொஞ்சம் நடந்தால் விசிறி விசிறியாகக் குட்டைப் பனைகள். அதற்கப்பால் பலகைப் பாதைக்குக் கீழே தண்ணீர் வந்துவிடும். சைப்ரஸ் மரங்கள் நீரிலேயே நிற்கும், அவற்றின் வேர்கள் முழங்கால் முழங்காலாக மேலே துருத்திக்கொண்டிருக்கும். முடிவில் மரமே இல்லாத திறந்த புல்வெளி. அதில் காலை வைத்துவிடாதீர்கள். பல இடங்களில் அது தரையே அல்ல, வேர்கள் பின்னிப் பாயாகித் தண்ணீர் மேல் மிதக்கிறது. இத்தனை மாற்றத்துக்கும் காரணம் சில அடி உயர வித்தியாசம்தான். அந்த மண்ணில் ஓரடி உயரம் என்றால் வேறு ஒரு உலகம்.

வழியில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு கிடக்கும் முதலையைப் பார்க்கலாம். தண்ணீரை மூடிக்கொண்டு ஊதாப் பூவோடு நிற்கும் செடியைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வரும். ஆமாம், அதே ஆகாயத்தாமரைதான். தென் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு நம் ஏரிகளையும் அவர்கள் கால்வாய்களையும் ஒரே மாதிரி அடைத்துவைத்திருக்கிறது.

சைப்ரஸ் மரங்களை நிமிர்ந்து பார்த்து ஆயிரம் வருஷத்துக் காடு என்று நினைத்துவிட வேண்டாம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பழங்காட்டை அநேகமாக முழுவதும் வெட்டி எடுத்துவிட்டார்கள். இன்று நிற்பவை பெரும்பாலும் பிறகு முளைத்தவை. சைப்ரஸ் தண்ணீரில் வாழும், ஆனால் அதன் விதை தண்ணீருக்கடியில் முளைக்காது. சில காலமாவது தரை காய வேண்டும். நீர்மட்டம் ஏறி நிற்கிற இடங்களில் பெரிய மரம் இருக்கும், கன்று இருக்காது. நடக்கும்போது இதை மட்டும் கவனித்துப் பாருங்கள்.

இப்போது ஷால்மெட்டுக்கு வாருங்கள். 1815 ஜனவரி 8. நியூ ஆர்லியன்ஸைப் பிடிக்க வந்த பிரிட்டிஷ் படையை ஜாக்சனின் படை எதிர்கொண்ட நாள். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் நீங்கள் பார்த்துவிட்டு வந்த அதே சைப்ரஸ் சேறு. நடுவில் ஒரு மைலுக்கும் குறைவான காய்ந்த நிலம். அந்த இடுக்கை ஒரு பழைய வாய்க்காலுக்குப் பின்னால் மண்சுவர் எழுப்பி ஜாக்சன் அடைத்துவிட்டார். மண் வெட்டியவர்களில் பெரும்பங்கு அடிமைகள். சுவருக்குப் பின்னால் நின்றவர்களில் சுதந்திரக் கறுப்பர் படைப்பிரிவுகளும் சோக்டா பழங்குடியினரும் உண்டு. பிரிட்டிஷார் சுற்றிவளைத்து வர வழியில்லை. அக்கரைக்குப் படகு கொண்டுபோக அவர்கள் வெட்டிய கால்வாயின் கரை சரிந்து, படகுகள் சேற்றில் மாட்டித் தாமதமாயின. மூடுபனி விலகியபோது அவர்கள் வெட்டவெளியில் நின்றார்கள். தளபதி பேக்கன்ஹாம் உட்படச் செத்தவர், காயப்பட்டவர், பிடிபட்டவர் என்று பிரிட்டிஷ் தரப்பில் இழப்பு ஏறத்தாழ 2,000 பேர். ஜாக்சன் பின்னால் ஜனாதிபதியாக வந்ததற்கு இந்த வெற்றியில் கிடைத்த புகழ்தான் ஏணி. அதில் சேற்றுக்குப் பாதிப் பங்கு கொடுக்கலாம் என்பது என் கணக்கு. இத்தனைக்கும் சமாதான ஒப்பந்தம் 1814 டிசம்பர் 24ஆம் தேதியே ஐரோப்பாவில் கையெழுத்தாகியிருந்தது; செய்திதான் கடல் தாண்டி வந்து சேரவில்லை.

போர்க்களத்தில் பீரங்கி, வெள்ளைத் தூண், ஆற்றோரம் ஒரு அழகான வீடு எல்லாம் பார்ப்பீர்கள். அந்த வீடு போருக்குப் பிறகு, 1830களில் கட்டியது. பேரன்மார் அதன் முன் நின்று படமெடுத்துக்கொள்ளட்டும், பரவாயில்லை. பெரியவர்கள் தேட வேண்டியது அங்கே இல்லாத ஒரு ஊரை.

ஃபஸென்ட்வில் என்று பெயர். உள்நாட்டுப் போருக்குப் பிறகு, விடுதலையான கறுப்பின மக்கள் இந்த மைதானத்திலேயே மனை வாங்கிக் குடியேறினார்கள். ஒரே தெரு. பள்ளி இருந்தது, தேவாலயம் இருந்தது. தேவாலயத்தின் பெயரே போர்க்கள பாப்டிஸ்ட் தேவாலயம். 1815ஆம் வருஷத்துப் போரின் 150ஆம் ஆண்டு விழா நெருங்கியபோது, போர்க்களம் பழைய மாதிரியே தெரிய வேண்டும் என்று சொல்லி 1964இல் அந்த ஊரை அகற்றிவிட்டார்கள். பலர் நியூ ஆர்லியன்ஸின் லோயர் நைன்த் வார்டுக்குப் போனார்கள். மறு வருஷமே பெட்ஸி புயல் வந்து அந்தப் பகுதி மூழ்கியது. 2005இல் கத்ரீனாவில் மறுபடியும் மூழ்கியது. நினைத்துப் பாருங்கள், அவர்களை எழுப்பிவிட்ட இடம் ஆற்றங்கரை மேடு. போய்ச் சேர்ந்தது பள்ளம். அந்தப் புல்வெளியில் நிற்கும்போது ஒரு நிமிஷமாவது இந்த ஊர் ஞாபகத்துக்கு வர வேண்டும். வரலாற்றுப் பூங்கா என்றால் எதைக் காப்பாற்றினார்கள் என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான் கேட்டிருக்கிறோம்.

அகேடியர் மையங்களுக்கு வருகிறேன். இவர்கள் இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் வாழ்ந்த பிரெஞ்சு உழவர்கள். 1755 முதல் பிரிட்டிஷ் அரசு இவர்களைக் கப்பலேற்றித் துரத்தியது, குடும்பங்கள் சிதறின. ஒரு பகுதியினர் 1760களில் லூசியானா வந்து சேர்ந்தார்கள். 1785இல் பிரான்சிலிருந்து ஏழு கப்பல்களில் சுமார் 1,600 பேர் வந்தார்கள். சதுப்பு இவர்களுக்குப் புதிதல்ல. பழைய ஊரிலேயே கடற்கரைச் சேற்று நிலத்துக்கு அணை கட்டி, அதில் மர மதகு வைத்து விவசாயம் செய்தவர்கள். மதகில் ஒரு கீல் கதவு. கடல் வற்றும்போது உள்ளே இருக்கும் மழைநீர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும். கடல் ஏறும்போது அதன் அழுத்தத்திலேயே கதவு மூடிக்கொள்ளும். உப்பு உள்ளே வராது. காவிரிக் கடைமடைக்காரர்கள் இங்கே யாராவது இருந்தால் கையைத் தட்டியிருப்பீர்கள்.

மூன்று மையங்களில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் யூனிஸுக்குப் போங்கள். ஐ-10இல் க்ரௌலியில் வடக்கே திரும்பினால் சுமார் 20 மைல். கேஜன், அதாவது இந்த அகேடியரின் வழிவந்தவர்கள், என்றாலே முதலையும் ஓடையும் என்று நினைத்திருப்பவர்களுக்கு, நெல்லும் மாடும் அக்கார்டியனுமாக வாழ்ந்த புல்வெளிக்காரர்களை இந்த ஊர் காட்டும். படகும் மீன்பிடியும் பார்க்க ஆசைப்பட்டால் டிபடோ. லாஃபயெட் நெடுஞ்சாலையோரம் என்பதால் சுலபம், அவ்வளவுதான்.

இந்த மையங்களில் காதைத் தீட்டிக்கொண்டு நில்லுங்கள். 1921ஆம் வருஷத்து மாநில அரசியல் சட்டம் பள்ளிகளில் ஆங்கிலம் மட்டுமே பயிற்றுமொழி என்றது. பிரெஞ்சு பேசிய பிள்ளைகள் தண்டனை வாங்கினார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, தங்கள் பிள்ளைகளிடம் அந்த மொழியைப் பேசாமலே விட்டுவிட்டார்கள். 1968இல் மாநிலமே பிரெஞ்சை மீட்க ஒரு அமைப்பை ஏற்படுத்த வேண்டிவந்தது. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளையைக் கெஞ்சிக் கூட்டிவருகிற பெற்றோருக்கு நான் மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. இந்த நிலம் கரைந்துகொண்டிருக்கிறது. 1932க்குப் பிறகு லூசியானாவின் கடலோரம் ஏறத்தாழ 2,000 சதுர மைல் நிலத்தை இழந்திருக்கிறது. வெள்ளத்தைத் தடுக்க ஆற்றுக்குக் கரை கட்டினார்கள். வண்டல் வருவதும் அதோடு நின்றது. எண்ணெய்க்காகவும் மரத்துக்காகவும் வெட்டிய கால்வாய்கள் வழியே உப்புநீர் ஏறி, நன்னீர்ப் புல்லைக் கொன்றது. பாராடேரியாவில் வளையாமல் கோடு போட்டதுபோல் ஓடும் தண்ணீரைக் கண்டால், அது மனிதன் வெட்டியது என்று தெரிந்துகொள்ளுங்கள். இயற்கையான ஓடை அங்கே நேராக ஓடாது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம், கோடையில் கொசுவும் புழுக்கமும் தாங்காது. மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை போனால் சதுப்பில் நீல ஐரிஸ் பூத்திருக்கும். புயலுக்குப் பிறகு சில நடைபாதைகளை மாதக்கணக்கில் மூடிவைப்பதுண்டு. மையங்கள் திறந்திருக்கும் நாட்களும் மாறும். கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். முதலைக்கு யாரும் தீனி போட வேண்டாம். தீனி கண்ட முதலை மனிதரைத் தேடி வரும், கடைசியில் அதைத்தான் சுட்டுவிடுவார்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.