காலி அறை யாருக்குச் சுமை? குடியிருப்பவருக்கே!

நடுவர் ஐயாவுக்கும் லண்டன் சபைக்கும் வணக்கம். மிச்ச வணக்கத்தை நீங்கள் மணி அடிச்ச பிறகு சொல்லுறன்.

வரி கட்டுறவன்ர பக்கம் பேசின எதிரணித் தம்பி என்ன சொன்னவர்? "நகரசபை மலிவு வாடகைக்குக் குடுக்கிற கவுன்சில் வீட்டில இடியப்ப உரலுக்கு ஒரு அறை, சூட்கேசுக்கு ஒரு அறை. அதுகளுக்கும் நான் வரி கட்டுறதோ?" நீங்கள் கை தட்டினீங்கள். நானும் தட்டினன், நல்ல பகிடி.

தம்பி, உரலின்ர கதையைக் கேளும். ஈஸ்ட்ஹாமில ஒரு அக்கா, மூண்டு அறை வீடு. பிள்ளைகள் கலியாணம் கட்டிப் போட்டினம். 2013 ஏப்ரலில வந்தது பெட்ரூம் டாக்ஸ்; பேர்தான் வரி, உண்மையில காலி அறைக்காக அரசாங்கத்தின்ர வாடகை உதவியில போடுற வெட்டு. ஒரு அறை கூட எண்டால் வாடகையில 14 வீதத்தை அந்த உதவியில கழிப்பினம், ரெண்டு எண்டால் 25. பென்சன் வயதுக்காரருக்கு வெட்டு இல்லை. நடுவர் ஐயா தப்பினார், அக்கா மாட்டினா.

"வெட்டை ஈடுகட்ட அறையை வாடகைக்கு விட்டு ஒரு லொட்ஜர் வையுங்கோ" எண்டு புத்தி சொல்லிச்சினம். வைச்சா. படிக்க வந்த பெடியன். முதல் கிழமை, "அன்ரி, கிச்சின் பாவிக்கலாமோ?" எண்டான். ரெண்டாம் கிழமை, பாணுக்குச் சம்பல் இருக்கோ எண்டான். மூண்டாம் கிழமை அக்கா விடியப்புறம் எழும்பி அவனுக்குச் சாப்பாடு கட்டுறா! மாச முடிவில வாடகையை நீட்டினான். அக்கா என்ன சொன்னவ தெரியுமோ? "வைச்சிரு ராசா, குளிர் வருது, ஒரு ஜாக்கெட் வாங்கு." ஐயா, எங்கட சனம் லொட்ஜர் வைக்குமோ? தத்தெடுக்கும்! தம்பி கண்ட அந்த உரல் சும்மா கிடக்கேல்லை, லொட்ஜருக்கு இடியப்பம் புழிஞ்சு களைச்சுப்போய்க் கிடந்தது!

சரி, சின்ன வீட்டுக்குப் போறன் எண்டா. ஒரு அறை வீடு இல்லை, வரிசையில நில்லுங்கோ எண்டினம். தனியார் வீட்டுக்குப் போனால் வாடகை இன்னும் கூட. அதுக்குக் குடுக்கிற உதவியும் வரிக்காசுதானே? மிச்சம் பிடிச்ச லட்சணம்! குடியிருக்கிறவையே வீட்டை வாங்கலாம் எண்ட 1980 சட்டத்துக்குப் பிறகு கவுன்சில் வீடுகளை மலிவா வித்துத் தள்ளினது அக்காவோ? ஸ்கொட்லாந்து அரசாங்கம் இந்த வெட்டைத் தன்ர காசால நிரப்புது. ஊனமுற்ற பேரனை ராவில பராமரிக்க வாற ஆளுக்கு அறை வேணும் எண்டு வழக்குப் போட்ட தாத்தா பாட்டி 2016இல உச்ச நீதிமன்றத்தில வெண்டவை.

மணி அடிக்கிறீங்கள் ஐயா, ஒரு நிமிசம். கணக்கை விடுவம்.

போன மாரியில ஒருநாள், இரவு பதினொரு மணி. அக்காவின்ர மகள் கைக்குழந்தையோட கதவடியில. கன்னத்தில காயம். அக்கா ஒண்டும் கேக்கேல்லை. "சாப்பிட்டனியோ?" எண்டு மட்டும் கேட்டுப்போட்டு, சூட்கேசை இழுத்து ஒதுக்கி, அந்தக் கட்டிலுக்குப் புதுத் துணி விரிச்சா.

தம்பி எழும்பி வரட்டும். அண்டிரவு வரைக்கும் அந்த அறை காலியாக் கிடந்ததுக்கு எத்தினை வீதம் வெட்டுவம் எண்டு இந்த மேடையில நிண்டு சொல்லட்டும்! வணக்கம்.