மிதக்கும் பாசியும் ஒரு வாளித் தண்ணீரும்

வணக்கம் நேயர்களே. அத்திலாந்திக் சமுத்திரத்தில் மிதக்கும் பாசியை ஆராயும் கப்பலில் போய் வந்தவன் நான். ஊரில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "பாசியை வைத்துக்கொண்டு நாள் முழுக்க அங்கே என்ன செய்யிறனீங்கள்?" அதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

எங்கள் யாழ்ப்பாணத்தில் மாதகல், காரைநகர்ப் பக்கம் கரையொதுங்கும் சாதாளை என்னும் கடற்பூண்டுக் குவியலைக் கிளறினால், மண்ணிறத்தில், மிளகு காய்த்ததுபோல மணிமணியாக ஒன்று கிடக்கும். பிள்ளைகள் அந்த மணியை நசுக்கி வெடிக்க வைப்பார்கள். உள்ளே இருப்பது காற்று. அந்தப் பாசிதான் சர்காசம். எங்கள் கரையில் அது பாறையில் ஒட்டி வளர்ந்து, அலையில் அறுந்த பிறகே மிதக்கிறது. அத்திலாந்திக்கில் உள்ள இரண்டு இனங்களோ ஒருநாளும் பாறையைக் கண்டதில்லை. முறிந்த துண்டே தனியாக வளர்ந்துவிடும். அது சேரும் சர்காசோ கடலுக்குக் கரையே இல்லை. நாலு பக்கமும் நீரோட்டம்தான் எல்லை. 1492இல் கொலம்பசின் ஆட்கள் இந்தப் பாசியைக் கண்டு, தரை கிட்ட வந்துவிட்டதென்று நம்பினார்கள். கீழே ஆழமோ கிலோமீற்றர்க் கணக்கு!

கப்பலில் நான்கு மணித்தியாலம் வேலை, எட்டு மணித்தியாலம் ஓய்வு. நடுச்சாமத்தில் முறை வந்தாலும் எழும்பத்தான் வேண்டும். சாப்பாட்டு மேசையில் கோப்பை வழுக்காமல் ஈரத்துணி விரித்திருக்கும். கடலின் மேற்பரப்பை வழிக்கும் வலையைப் பகலில் ஒருக்கா, இரவில் ஒருக்கா இழுப்போம். இருட்டினால்தான் ஆழத்துச் சின்ன உயிர்கள் மேலே வரும். காற்று வீசினால், அது போகும் திசையிலேயே பாசி நீள நீளமாக வரிசை கட்டும். குருநகர்க் கடற்றொழிலாளருக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்லை.

இனி வாளிக்கு வருகிறேன். என்னைக் கேட்டால், முழு ஆராய்ச்சியும் அந்த வாளிக்குள்தான். அத்தாங்கு என்னும் கைவலையால் அள்ளிய பாசியைக் கடல்தண்ணீரில் உதறுவோம். பிறகு நல்ல தண்ணீரில் ஒருக்கா முக்குவோம். அது பட்டதும் ஒட்டியிருந்ததெல்லாம் பிடியை விட்டுவிடும். வெறும் பாசி என்று அள்ளியதிலிருந்து இறால் குஞ்சு, நகமளவு நண்டு, ஓடில்லாத நத்தை எல்லாம் வரும். எல்லாம் பாசியின் நிறம். பாசியில் வெள்ளைப் புள்ளி இருந்தால் நண்டின் முதுகிலும் வெள்ளைப் புள்ளி.

ஒருநாள் தவளைமீன் ஒன்று வந்தது. கட்டைவிரலளவுதான். நீந்தவில்லை, முன் செட்டைகளைக் கைபோல மடக்கி, தண்டைப் பிடித்துக்கொண்டு நின்றது. உடம்பெல்லாம் பாசி இலை மாதிரித் தொங்கல். கண் அசைந்திராவிட்டால் எனக்கு மீனென்றே தெரிந்திராது. சிறிது நேரத்தில் இன்னொன்றும் அகப்பட்டது. கூட வேலை செய்த பெண் ஓடிவந்து வேறு வாளியில் விடச் சொன்னா. சேர்த்து விட்டால் விடிய ஒன்றுதான் மிஞ்சுமாம். தன்னளவு இரையையே விழுங்கக்கூடிய வாய் அதற்கு. நேயர்களே, இத்தனையும் ஒரு கைப்பிடிப் பாசிக்குள்!

பிறகு பாசியை வடியவிட்டு விற்றராசில் தொங்கவிட்டு நிறுப்போம். கப்பல் ஆடும், முள் ஒரு இடத்தில் நிற்காது. நடுவைப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும்.

நேரம் முடிகிறதென்று கை காட்டுகிறார்கள். சுருக்கிச் சொல்கிறேன். 2011இலிருந்து அத்திலாந்திக்கின் வெப்பப் பகுதியிலும் இந்தப் பாசி பெருகுகிறது. 2018இல் ஆபிரிக்கக் கரையிலிருந்து மெக்சிக்கோ வளைகுடா வரை 8,850 கிலோமீற்றர் நீளத்துக்குப் படர்ந்தது. கரிபியன் கரைகளில் அது அழுகி, கூழ்முட்டை நாற்றம். கரையில் அழுகுவதை அள்ளத்தான் வேண்டும். ஆனால் நடுக்கடலில் மிதப்பதை அள்ள முன்னம், அதற்குள் என்ன இருக்கிறதென்று எண்ணியே ஆகவேண்டும். பெருந்தலை ஆமைக் குஞ்சுகள் அதற்குள் ஒளிந்துதான் வளர்கின்றன. அதை விரிவாகச் சொல்ல இருந்தேன், நேரமில்லை. வணக்கம்.