மேடைக்கு நாற்பது நிமிஷம், மரத்தடிக்கு இரண்டு மணி நேரம்

(கும்பகோணத்தில், சிறுகதைத் தொகுப்பு வெளியீடு குறித்துக் கூடிய எழுத்தாளர் வட்டத்தின் ஆலோசனைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். 'அவர்களே, அவர்களே' என்று ஒவ்வொருவராக விளிக்காமல் தொடங்குகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். போன வருஷம் ஒரு வெளியீட்டு விழாவில் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். முதல் பேச்சாளர் மேடையில் இருந்தவர்களை விளித்து முடிக்கவே ஆறு நிமிஷம் ஆனது. அவருக்கு அப்புறம் ஏழு பேர், ஏழு பேரும் அதே பட்டியலை ஆதியோடந்தமாக ஒப்பித்தார்கள். புத்தகத்தைப் பற்றிய முதல் வாக்கியம் வந்தபோது பின்வரிசையில் பாதிப் பேர் டீ குடிக்கப் போயிருந்தார்கள். நானும் போனேன்.

நம் சிறுகதைத் தொகுப்பை இந்த ஊரில் நடக்கப்போகும் இரண்டு நாள் மாநாட்டில் வெளியிடுகிறோம். அதற்கு மாநாட்டுக்காரர்கள் நமக்கு இரண்டாம் நாள் காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் நாற்பது நிமிஷம் போதும் என்பது என் கட்சி. அதற்கு அப்புறம் மண்டபத்தின் பின்னால் இருக்கும் புங்கமரத்தடியில் இரண்டு மணி நேரம் நாம் மட்டும் உட்கார வேண்டும். தொகுப்பில் 19 கதைகள், 19 பேர். இதில் பாதிப் பேர் ஒருவரையொருவர் வாட்ஸ்அப்பில் பார்த்ததோடு சரி. வேதாரண்யத்து உப்பளத்தைப் பற்றி எழுதிய அக்காவும் சுவாமிமலைப் பட்டறையைப் பற்றி எழுதிய தம்பியும் ஒரே அட்டைக்குள் இருக்கிறார்கள், ஒரே இடத்தில் இருந்ததில்லை.

ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறேன் என்றால், 1995இல் தஞ்சாவூரில் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது நான் கல்லூரி மாணவன். கையில் ஒரு கதை நோட்டோடு போயிருந்தேன். அரங்கத்தில் கேட்ட பேச்சு ஒன்றுகூட இன்று நினைவில் இல்லை. வெளியே டீக்கடையில் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் நோட்டை வாங்கி நாலு பக்கம் படித்துவிட்டு, "தம்பி, நாத்து நடுற பொம்பளைங்க இப்படிப் பேசமாட்டாங்க" என்றார். அவ்வளவுதான். டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் எழுத்தில் கற்ற முதல் பாடம் அது. இந்த ஊருக்கும் இது புதிதில்லை. எழுத்தாளர்கள் கு.ப.ராவையும் ந.பிச்சமூர்த்தியையும் 'கும்பகோணம் இரட்டையர்' என்று சொல்வார்கள். அந்தப் பெயர் மேடையில் வந்ததில்லை, சிநேகத்தில் வந்தது.

சரி, தேதி. மாநாடு மாசி மகத்துக்கு அடுத்த சனி, ஞாயிறு. மகத்துக்கு வந்த கூட்டம் முழுதாகக் கலைந்திருக்காது, ஊரில் லாட்ஜ் கிடைப்பது சிரமம். வெளியூரிலிருந்து வரும் ஆறு பேரை நம் வீடுகளில் தங்கவைத்துக்கொள்ள வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. சம்பா அறுவடை தையிலும் மாசியிலும் நடக்கிறது. நம் எழுத்தாளர்களில் நாலு பேர் விவசாயிகள். நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் குவித்துப் போட்டுவிட்டு, மழை வந்துவிடுமோ என்று தார்ப்பாயோடு ராக்காவல் இருப்பவனைப் பார்த்து 'காலை பத்து மணிக்கு வந்துவிடுங்கள்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர்கள் வரமுடியாமல் போனால் அவர்கள் கதையிலிருந்து ஒரு பக்கத்தை மேடையில் நாம் வாசிப்போம். இது சலுகையில்லை, அவர்களுக்கு உரிய இடம்.

புத்தகம் பத்து நாள் முன்னதாகவே கையில் இருக்க வேண்டும். இதில் நான் பட்டவன். என் முதல் தொகுப்பு வெளியீட்டுக்கு முந்தின நாள் இரவு பிரதிகளைத் தருவதாக அச்சகத்தில் சொன்னார்கள். விடியற்காலையில் வந்தது அட்டை மட்டும். வேறு வழியில்லாமல் வீட்டில் கிடந்த பழைய புத்தகங்களுக்கு அந்த அட்டையைச் சுற்றி மேடையேற்றினோம். சிறப்பு விருந்தினர் பிரித்துப் பார்த்தார். உள்ளே பயிர்ப் பாதுகாப்புக் கையேடு. நல்ல மனுஷர், முகம் மாறாமல் "மண்வாசனை வீசுகிறது" என்றார்.

இப்போது தட்டச்சில் 213 பக்கம் வருகிறது. டெமி அளவில் ஒரு பாரம், அதாவது ஒரே தாளில் அச்சடித்து மடிப்பது, 16 பக்கம். 208 என்றால் 13 பாரத்தில் கச்சிதமாக அடங்கும். மிச்சம் ஐந்து பக்கத்துக்காக இன்னொரு பாரத்துக்குப் போவானேன்? கதைகளில் கை வைக்க வேண்டாம். என் முன்னுரை ஒன்பது பக்கம் இருக்கிறது, அதில் வெட்டுங்கள்.

புத்தகத்துக்கு அடையாளமான ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு நம் நாட்டில் கட்டணம் கிடையாது. வாங்கித்தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் போகாதீர்கள். 1954ஆம் வருஷத்துச் சட்டப்படி வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் நம் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட, அந்தச் சட்டம் குறிப்பிடும் மற்ற நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். விழா முடிந்த களைப்பில் எல்லாரும் மறக்கிற வேலை இது.

பணத்துக்கு ஒரு யோசனை வந்தது. எழுதியவர்கள் ஆளுக்கு இருபது பிரதி வாங்கிக்கொள்ள வேண்டுமாம். எனக்கு உடன்பாடில்லை. கதையையும் கொடுத்து காசையும் கொடுப்பதென்றால் அதற்குப் பெயர் மொய். ஆளுக்கு இரண்டு பிரதி நாம் இலவசமாகக் கொடுக்க வேண்டும். பதிப்புரிமை எழுதியவருக்கே என்று ஒப்புதல் கடிதத்தில் போட வேண்டும். பணத்தை வாசகரிடம் முன்பதிவாக வாங்குவோம். உ.வே.சா. இதே ஊரில் கல்லூரி ஆசிரியராக இருந்தபோதுதான் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். புத்தகம் வெளிவருவதற்கு முன்பே, வாங்கிக்கொள்கிறோம் என்று பலரிடம் கையொப்பம் பெற்றார். அவருக்கே கூச்சமில்லை, நமக்கென்ன?

மேடையில் நாலு நாற்காலி. பொன்னாடை கிடையாது. அண்ணன் முகம் சுருங்குவது தெரிகிறது. பொன்னாடைக் காசைச் சாப்பாட்டில் போட்டால் சாம்பார் சாதத்தோடு ஒரு அப்பளம் கூட வரும் அண்ணே. முதல் பிரதியை, நமக்கெல்லாம் கிளை நூலகத்தில் புத்தகம் எடுத்துக்கொடுத்து ஓய்வுபெற்ற அம்மாவிடம் கொடுப்போம். மூன்று பேர் ஆளுக்கு ஒரு பக்கம் வாசிக்கட்டும். ஏற்புரை ஒன்றே ஒன்று. 19 பேரும் ஏற்றுக்கொள்ள ஆரம்பித்தால் மாநாடு மூன்றாம் நாளுக்குப் போய்விடும்.

மரத்தடிக்கு ஒரே ஒரு விதி. தொகுப்பில் தனக்கு அடுத்து இருக்கும் கதையைப் படித்துவிட்டு வர வேண்டும். முதல் கதைக்காரர் இரண்டாவதைப் பற்றிப் பேசுவார், கடைசிக் கதைக்காரர் முதலாவதைப் பற்றி. யாரும் தன் கதையைப் பற்றிப் பேசக் கூடாது. பாராட்டு ஒரு வாக்கியம் போதும். அப்புறம் 'இந்த இடத்தில் எனக்கு ஒட்டவில்லை' என்று ஒன்றாவது சொல்ல வேண்டும். வருத்தப்படுவார்கள் என்கிறீர்களா? படட்டும், சாப்பாட்டுக்கு முன்னால் சரியாகிவிடும்.

வேதாரண்யத்துக்காரர்கள் மூன்றரை மணிக்குள் பஸ் ஏற வேண்டும். ஆகையால் பதினொன்றரைக்கெல்லாம் உட்கார்ந்துவிட வேண்டும். மரத்தடியில் எறும்பு அதிகம், நேற்றே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பெரிய ஜமக்காளம் யார் வீட்டில் இருக்கிறது என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.