உங்களுக்கு ஒரு கட்டியங்காரன் இருக்கிறானா?

[காட்சி: இரவு. இரண்டு பேர் பிடித்திருக்கும் திரை. மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரிகிறது. முகவீணையும் மத்தளமும் ஒலிக்கின்றன.]

வணக்கம். இது பழைய வடாற்காட்டுப் பக்கத்துக் கூத்துக் களம். 1989-இல் மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தார்கள். 2019-இல் வேலூரிலிருந்து இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. ஆனாலும் கோடை வந்தால், திரௌபதி அம்மன் கோயில் இருக்கும் பல ஊர்களில் இன்றும் பாரதம் வைக்கிறார்கள், அதாவது மகாபாரதக் கதையை நாள்கணக்கில் சொல்லும் திருவிழா. பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. அந்தக் கூத்தில் வேடங்களைக் கேள்வி கேட்டு, கிண்டல் செய்யும் கோமாளிதான் கட்டியங்காரன்.

பழைய கதைகளை வைத்து மனசைச் சரிசெய்துகொள்ளுங்கள் என்று ஏகப்பட்ட வீடியோக்கள் வருகின்றன. பெரும்பாலும் கீதையிலிருந்து ஒரு வரி, பின்னணியில் புல்லாங்குழல், அவ்வளவுதான். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. வரியை விட, கூத்தில் கதை சொல்லும் முறைதான் நமக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

[காட்சி: திரை விலகுகிறது. வேடக்காரர் சுழன்று ஆடுகிறார். பக்கத்தில் கட்டியங்காரன்.]

ராஜா வேடம் களத்துக்குள் நுழையும்போது என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். முதலில் திரைக்குப் பின்னால் நின்று பாடுவார். அந்தப் பாட்டில் தன்னையே வேறு ஒருவரைப் போல வர்ணிப்பார்: துரியோதன ராஜன் வருகிறான், அவன் பெருமை இது, அவன் நாடு இது என்று. திரை விலகியதும் கட்டியங்காரன் பிடித்துக்கொள்வான். நீங்கள் யார், எந்த ஊர், எதற்கு இந்த நேரத்தில் இங்கே வந்தீர்கள்? ராஜா பதில் சொல்லியே ஆக வேண்டும். பதிலில் அளப்பு அதிகமானால் கட்டியங்காரன் கிண்டல் செய்வான், கூட்டம் சிரிக்கும். அஸ்தினாபுரத்து அரசனை அப்படிக் கேட்க அந்தக் களத்தில் அவனுக்கு உரிமை உண்டு.

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, தன்னை 'அவன்' என்று சொல்வது. மிச்சிகன் பல்கலைக்கழக உளவியலாளர் ஈதன் கிராஸும் அவருடைய குழுவினரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு கிட்டத்தட்ட இதைத்தான் சோதித்தது. பதற்றம் தரும் ஒரு பேச்சுக்குத் தயாராகும்போது சிலர் மனசுக்குள் 'நான்' என்று பேசிக்கொண்டார்கள், சிலர் தங்கள் பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டார்கள். பெயர் சொன்னவர்கள் நன்றாகப் பேசினார்கள், பேசி முடித்த பிறகு அதையே நினைத்துக் குமைவதும் குறைவாக இருந்தது.

சரி, நம் ஊருக்கு வருவோம். ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஒரு சூப்பர்வைசர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லார் முன்னாலும் ஒரு தையல்காரப் பெண்ணைப் பார்த்துக் கத்திவிட்டார். ராத்திரி தூக்கம் வரவில்லை. "என்னை யார் மதிக்கிறார்கள், அதனால்தான் கத்தினேன்" என்று மனசு அதே இடத்தில் சுற்றுகிறது. அதையே கூத்தாகச் சொல்லட்டும்: வந்தார் சூப்பர்வைசர் மகாராஜா. லோடு போக நாள் இல்லை. காலையில் மேனேஜரிடம் திட்டு வாங்கியிருந்தார். நேராக மெஷின் பக்கம் போனார்...

[காட்சி: கட்டியங்காரன் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறான்.]

இரண்டாவது விஷயம் இங்கேதான். "மேனேஜர் திட்டினதுக்கு அந்தப் பொண்ணு என்ன பண்ணும் மகாராஜா?" என்று கேட்க ஒருவன் வேண்டும். கதையை வெளியிலிருந்து சொல்வதோடு நின்றுவிட்டால், நமக்கு நாமே வக்கீல் வைத்த மாதிரி ஆகிவிடும்.

கர்ணன் சாகும் கதையைச் சொல்லும் கர்ண மோட்சம் கூத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆற்றில் விடப்பட்ட குழந்தை, தேரோட்டி வீட்டில் வளர்ந்தவன், மனைவி பொன்னுருவியிடமே பிறப்புக்காகப் பேச்சு வாங்கியவன். ராத்திரி முழுக்க உட்கார்ந்து சனம் அழும். நானும் அழுதிருக்கிறேன். ஆனால் சில இரவுகளுக்கு முன்பு, திரௌபதியைச் சபைக்கு இழுத்து வந்தபோது இதே கர்ணன் துரியோதனன் பக்கம் நின்று அவளை இழிவாகப் பேசினான். செஞ்சோற்றுக் கடன் என்ற ஒரு சொல்லில் அந்தக் காட்சியை நாமும் மறந்துவிடுகிறோம்.

அதனால் உங்கள் கதையை எழுதிப் பார்க்கும்போது, அடிபட்ட காட்சியை மட்டும் எழுதாதீர்கள். விட்டுப்போன இரவு எது என்று தேடுங்கள். குடும்பத்துக்காக, கம்பெனிக்காக, நண்பனுக்காக என்று சொல்லி நீங்கள் வாய் திறக்காமல் நின்ற சபை எது? அதை எழுதினால்தான் கட்டியங்காரனுக்கு வேலை வரும். அந்த வேலையை நீங்களே செய்யலாம். உங்களைப் பார்த்துத் தைரியமாகச் சிரிக்கும் ஒரு மச்சானோ அக்காவோ இருந்தால் இன்னும் நல்லது.

ஒரு எச்சரிக்கை. வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, உயிரோடு இருந்து என்ன என்ற நினைப்பு வருகிறது என்றால் இந்த நோட்டு வேலை போதாது, மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம், நேரில் பார்க்க வேண்டுமா? ஊர்ச் சுவரில் ஒட்டும் பாரத நோட்டீஸில் எந்த இரவு எந்தக் கூத்து என்று போட்டிருக்கும். எல்லா இரவும் போக முடியாவிட்டால் துகில் உரிதலுக்கும் கர்ண மோட்சத்துக்கும் போங்கள், அதே வரிசையில். போர்வை எடுத்துக்கொள்ளுங்கள், கூத்து முடிய விடிந்துவிடும்.